தூர் வாருவது புண்ணியம்: ஏரி, கோயில், அப்புறம் எங்க தாத்தா

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, மதம்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா நாம எப்பவோ செவ்வாய்க்குப் போயிருப்போம்தானே?" நானும் காலேஜ் படிக்கிறப்போ ஹாஸ்டல் மொட்டை மாடில இதே கேள்வியை வச்சு விடியவிடிய சண்டை போட்டிருக்கேன். அப்போ என் பதில் "ஆமா". இப்போ அவ்வளவு சுலபமா ஆமான்னு சொல்ல முடியல. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். மதமும் அறிவியலும் ஜென்ம விரோதிகள்ங்கிற எண்ணத்தைப் பெரிய அளவுல பரப்பினதுல ஜான் வில்லியம் டிரேப்பர்ங்கிறவர் 1874ல எழுதின புத்தகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கலீலியோ கதை எல்லாருக்கும் தெரியும். அது நடந்ததுதான். ஆனா அதே ஐரோப்பாவுல இயந்திரக் கடிகாரம் பரவினதுல மடாலயங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. துறவிகள் ராத்திரியும் பகலும் குறிச்ச நேரத்துக்கு எழுந்து பிரார்த்தனை பண்ணணும், அதுக்கு மணி அடிக்கணும். ஆங்கிலத்துல 'க்ளாக்'ங்கிற சொல்லே மணியைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நம்ம பக்கம் வந்தா, இந்திய மண்ணுல தமிழ் எழுத்துல அச்சாகி நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578ல கொல்லத்துல அச்சடிச்ச கிறிஸ்தவப் புத்தகம். அதனால "மதம் எதிரி"ன்னு ஒரே வரில முடிக்க முடியாது. "மதம்தான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சது"ன்னும் முடிக்க முடியாது.

எனக்குத் தோணுற பதில் வேற. அது புத்தகத்துல கிடைச்சதில்ல. எங்க ஊர் ஏரிக்கரைல கிடைச்சது.

நான் பெருநகர் பக்கம். காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி போற ரோட்டுல, செய்யாத்துக்குப் பக்கத்துல இருக்கு. உத்திரமேரூருக்கு நாங்க சினிமாவுக்கும் போவோம், ஆபீஸ் வேலைக்கும் போவோம். தைப்பூசத்தப்போ சுத்துப்பட்டு ஊர் சாமிங்கெல்லாம் பெருநகர் ஆத்துக்கு வந்து சேரும். சின்ன வயசுல எனக்கு அது ராட்டினமும் பஞ்சு மிட்டாயும்தான். பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன கிராமம்தான் தாத்தா ஊர். பேர் வேண்டாம், காரணம் பின்னாடி புரியும்.

தாத்தாவுக்கு வேலை ஏரி மதகைத் திறந்து மூடறது. நீர்க்கட்டின்னு சொல்வாங்க, சில ஊர்ல கம்புக்கட்டி. எந்த வயலுக்கு எப்போ எவ்வளவு தண்ணி போகணும்னு பார்த்து மடை திருப்பிவிடறவர். அறுவடை முடிஞ்சா களத்துல நெல் அளந்து குடுப்பாங்க. அதுதான் சம்பளம்.

ஏரி எப்படி வேலை செய்யுதுன்னு நகரத்துல வளர்ந்தவங்களுக்காகச் சொல்லிடறேன். நம்ம பக்கம் வருஷம் முழுக்கத் தண்ணி ஓடற ஆறு கிடையாது. பாலாறு, செய்யாறு ரெண்டுமே பெரும்பாலான மாசம் மணல்தான். வடகிழக்குப் பருவமழை ரெண்டு மூணு மாசத்துல கொட்டித் தீர்த்துடும். அந்தத் தண்ணி கடலுக்கு ஓடிடாம இருக்க, லேசா சரிவான நிலத்துல அரைவட்டமா மண்கரை போட்டுத் தடுக்கறாங்க. அதுதான் ஏரி. கரைல மதகு இருக்கும், அது வழியா வயலுக்குத் தண்ணி. ரொம்ப நிறைஞ்சா வழியறதுக்குக் கலங்கல். அந்தக் கலங்கல் தண்ணி வீணாப் போகாது, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அதோட கலங்கல் அதுக்கடுத்த ஏரிக்கு. ஊர்களெல்லாம் ஒரு சங்கிலி மாதிரி கோத்திருக்கும்.

இதுல ஒரு சிக்கல். தண்ணியோட வண்டலும் வருது. ஒவ்வொரு மழைக்கும் அடில கொஞ்சம் மண் சேரும், கரை கரையும், நண்டு வளை போடும், மரம் வேர் விடும். ஏரியை ஒரு தடவை வெட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு இல்ல. அப்படியே விட்டா ரெண்டு மூணு தலைமுறைல அது ஏரியாவே இருக்காது, புல்வெளி ஆகிடும்.

நான் சாஃப்ட்வேர்க்காரன், அதனால இது எனக்கு நல்லாவே புரியும். புதுசா ஒண்ணைக் கட்டறதுக்கு எல்லாரும் ஓடி வருவாங்க. லான்ச் அன்னிக்குக் கேக் வெட்டுவாங்க. மூணு வருஷம் கழிச்சு அதே சிஸ்டத்தைப் பராமரிக்க ஆள் கேட்டா, எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. தொழில்நுட்ப வரலாறுன்னு நாம படிக்கிறதும் கண்டுபிடிச்சவங்க பட்டியல்தான். யார் பராமரிச்சாங்க, அதுக்குக் காசு எங்கிருந்து வந்ததுன்னு அதிகம் எழுதறதில்ல.

இந்தக் கேள்வியோட உத்திரமேரூருக்குப் போனா அங்க பதில் கல்லுலயே இருக்கு.

உத்திரமேரூர் எட்டாம் நூற்றாண்டுல பல்லவர் காலத்துல பிராமணர்களுக்குக் குடுத்த ஊர், சதுர்வேதிமங்கலம். அதோட பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம்னு பேர். வயிரமேகன்ங்கிறது பல்லவன் தந்திவர்மனோட பட்டப்பேர். அந்த ஏரில தூர் வாரறதுக்காகவே தனியா அறக்கொடை வச்ச கல்வெட்டுகள் அந்த ஊர்ல இருக்கு. எப்படின்னா, ஒருத்தர் பொன்னைக் கொண்டுவந்து சபைகிட்ட ஒப்படைப்பார். முதலைத் தொடக்கூடாது. வர்ற வட்டில வருஷா வருஷம் ஏரில மண் எடுக்கணும். இன்னிக்கு நாம 'எண்டோமென்ட் ஃபண்ட்'னு சொல்றது அப்படியே இதுதான். குடுத்தவருக்கு என்ன லாபம்? புண்ணியம். கோயிலுக்கு விளக்கு வைக்கிறது எப்படிப் புண்ணியமோ, ஏரில மண் எடுக்கிறதும் அதே கணக்குல வந்துடுது.

இங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. ஏரி கட்டற தொழில்நுட்பத்தை மதம் கண்டுபிடிச்சதுன்னு நான் சொல்லல. மண்கரை போடறதுக்கு வேதமும் வேண்டாம், ஆகமமும் வேண்டாம். ஆனா யாருமே செய்ய விரும்பாத, பேரும் வராத பராமரிப்பு வேலைக்கு மதம் ஒரு மரியாதையும், நிரந்தரமான பட்ஜெட்டும், அழியாத ஒரு பதிவேடும் குடுத்தது. ராஜா மாறுவான், வம்சம் மாறும். கோயில் சுவர் அங்கயேதான் நிக்கும். அதுல வெட்டினதை அழிக்கப் பயம் இருக்கும்.

ஏரி மட்டும் இல்ல. செய்யாறு பாலாத்துல கலக்கற திருமுக்கூடல் இங்கேர்ந்து தூரமில்ல. அங்க வேங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கு, பதினோராம் நூற்றாண்டு. 15 படுக்கை இருக்கிற ஒரு ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்றவருக்கு எவ்வளவு, மூலிகை பறிச்சு வர்றவங்களுக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எந்தெந்த மருந்து இருப்புல இருக்கணும்னு எல்லாமே எழுதியிருக்கு. படிச்சா பக்தி இலக்கியம் மாதிரி இல்ல, ஒரு நிர்வாகக் கோப்பு மாதிரி இருக்கும்.

சரி, இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச குடவோலைக்கு வருவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின ரெண்டு கல்வெட்டு. ரெண்டே வருஷத்துல விதியைத் திருத்தியிருக்காங்க. முதல் கல்வெட்டுல வாரியத்துக்கு வயசு 30லேர்ந்து 60. ரெண்டாவதுல 35லேர்ந்து 70. எங்க பாஷைல சொன்னா வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு. ஊரை 30 குடும்பா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் தகுதி இருக்கறவங்க பேரை ஓலைல எழுதிக் குடத்துல போடணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுக்கணும். அதை வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்ச உள்ளங்கைல வாங்கணும். ஏன்? கைக்குள்ள வேற ஓலையை ஒளிச்சு வச்சிருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்ல, அவன் சொந்தக்காரனுக்கும் இடமில்ல. இப்படித் தேர்ந்தெடுத்தவங்கதான் ஆண்டு வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர். பதவி 360 நாள். ஏரிக்குன்னே ஒரு கமிட்டி, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி.

"உலகத்தின் முதல் ஜனநாயகம்"னு இதை வாட்ஸ்அப்ல பார்த்திருப்பீங்க. எங்க ஊர்ப் பெருமைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா தகுதிப் பட்டியலை முழுசாப் படிங்க. வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல வேணும். சொந்த மனைல வீடு வேணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் எடுத்துச் சொல்லத் தெரிஞ்சவர்னா அரைக்கால் வேலி போதும். பெண்கள் கிடையாது. ஏரில இறங்கி மண்ணைக் கூடைல தூக்கினவங்க கிடையவே கிடையாது. சோழர் கல்வெட்டுகள்ல 'வெட்டி'ன்னு ஒரு சொல் அடிக்கடி வரும். கூலியில்லாம செஞ்சே ஆகவேண்டிய உழைப்பு. இன்னிக்கும் 'வெட்டி வேலை'ன்னு பேசறோம், எங்கிருந்து வந்த வார்த்தைன்னு யோசிக்கறதில்ல.

இப்போ தாத்தாவுக்கு வரேன். அவர் சேரித் தெருக்காரர். நாங்க எல்லாருமே. அவரோட சின்ன வயசுல ஊர்க் கோயில் வாசல் தாண்டினதில்ல. சட்டப்படி 1947லயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தாச்சு. ஊர்ப்படி வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஆனா அதே ஊர்ல, தண்ணி பத்தாத வருஷத்துல ரெண்டு நிலக்காரங்களுக்கு நடுவுல தகராறு வந்தா, தாத்தா மடை திருப்பினதுதான் கடைசி வார்த்தை. நிலக்காரர் தன் வயலுக்குத் தானே மடை திறக்கக் கூடாது. நீர்க்கட்டிதான் திறக்கணும்.

ஒரு தடவை கேட்டேன், "ஏன் தாத்தா, உன்னை மட்டும் எப்படி நம்புனாங்க?"

"எனுக்கு அந்த ஏரில ஒரு குழி நெலங்கூட இல்லியேடா. நான் யாருக்குத் திருடுவேன்?"ன்னார்.

எனக்கு உடனே அந்தக் குடத்துல கையை விடற பையன் ஞாபகம் வந்தான். அவனை நம்பறதுக்குக் காரணம் அவனுக்கு எதுவும் தெரியாதுங்கறது. தாத்தாவை நம்பறதுக்குக் காரணம் அவர்கிட்ட எதுவும் இல்லைங்கறது. கால் வேலி நிலம் இல்லாதவன் ஏரி வாரியத்துல உக்கார முடியாதுன்னு ஒரு காலத்துல விதி. அந்த நிலம் இல்லைங்கறதே தண்ணியைப் பங்கு போடற நேரத்துல தகுதி ஆகிடுது. ஆனா தாத்தா 'எதுவும் தெரியாத' பையன் இல்ல. எந்த மதகுல கசிவு இருக்கு, எந்த வாய்க்கால் கடைமடைக்குப் போய்ச் சேர எத்தனை நாழி ஆகும், ஏரில எத்தனை ஆள் உயரம் தண்ணி இருந்தா எத்தனை காணிக்கு நடவு போடலாம்னு எல்லாம் தலைக்குள்ள வச்சிருந்தார். அதுல ஒரு வரிகூட எந்தச் சுவர்லயும் இல்ல.

நியாயமா இங்க ஒரு சந்தேகம் வரணும். பராமரிப்புக்கு மதம் உதவிச்சுன்னா, அது நம்பிக்கையோட வேலையா, இல்ல வெறும் நிர்வாகமா? கோயிலை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு நல்ல அரசு இலாகாவை வச்சா போதாதா? இதைக் கிட்டத்தட்ட சோதனையே பண்ணிப் பார்த்த இடம் ஒண்ணு இருக்கு. பாலித் தீவு.

பாலில நெல் விவசாயிகள் 'சுபாக்'ங்கிற சங்கங்களா இருக்காங்க. எந்த மலைச்சரிவுல எப்போ நடவு, எப்போ தரிசுன்னு தண்ணிக் கோயில்கள்ல கூடி முடிவு பண்ணுவாங்க. 1970கள்ல பசுமைப் புரட்சி வந்தது. புது ரக நெல், இனிமே காலண்டர் பார்க்காம முடிஞ்சவரைக்கும் தொடர்ந்து நடுங்கன்னு அரசாங்கம் சொல்லிச்சு. கொஞ்ச வருஷத்துல பூச்சியும் நோயும் பயிரை வாரிட்டுப் போச்சு. ஸ்டீபன் லான்சிங்ங்கிற மானுடவியலாளர் ஜேம்ஸ் கிரெமர்ங்கிற சூழலியலாளரோட சேர்ந்து, ரெண்டு ஆத்துல இருக்கிற 172 சுபாக்கை வச்சு ஒரு கம்ப்யூட்டர் மாடல் எழுதினார். எல்லாரும் இஷ்டப்படி நட்டா பூச்சி பெருகுது. எல்லாரும் ஒரே நாள்ல நட்டா தண்ணி பத்தல. நடுவுல ஒரு அளவுல கூட்டமா சேர்ந்து நட்டா மகசூல் நல்லா வருது. அந்த அளவு, நிஜத்துல தண்ணிக் கோயில்கள் வச்சிருந்த அளவுக்குப் பக்கத்துல இருந்தது. 2012ல யுனெஸ்கோ அந்த சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது.

இதைக் கேட்டுட்டு "பார்த்தீங்களா, சாமி குத்தம்"னு கிளம்பிடாதீங்க. அங்க பயிரைக் காப்பாத்தினது ஒருங்கிணைப்பு. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் ஒரே இடத்துல கூடி உக்காந்து பேசறதுக்கு ஒரு காரணம் வேணும், வராதவனுக்குக் கொஞ்சம் பயம் வேணும். கோயில் அதைக் குடுத்தது. புதுத் திட்டம் கொண்டுவந்தவங்களுக்கு அந்தக் கோயில் ஒரு சடங்காத் தெரிஞ்சதே தவிர, ஒரு சிஸ்டமாத் தெரியல.

நம்ம பக்கமும் கிட்டத்தட்ட அதேதான். 1767லேர்ந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கிற கும்பினி இன்ஜினியர் செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகள்ல விளைச்சல்ல கோயிலுக்கு ஒரு பங்கு, தச்சருக்கும் கொல்லருக்கும் பங்கு, ஏரிக்கும் ஒரு பங்குன்னு ஒதுக்கி வச்சிருக்கறதைப் பார்க்கலாம். வரி வசூல் கைமாறினப்போ இந்த ஒதுக்கீடுகளெல்லாம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போச்சு.

இதுல ஒரு விதிவிலக்கான கதை மதுராந்தகம். 1790கள்ல லயனல் பிளேஸ் துரை இங்க கலெக்டர். மதுராந்தகம் ஏரிக்கரை உடைஞ்சுக்கிட்டே இருந்ததாம். ஊர்க்காரங்க ராமர் கோயில்ல தாயார் சன்னதி கட்டித் தரக் கேட்டாங்களாம். "முதல்ல கரை நிக்கட்டும்"னாராம் துரை. ஒரு ராத்திரி பேய்மழைல கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் கையுமா ரெண்டு பேர் காவல் நிக்கறதைப் பார்த்தாராம். கரை உடையல. சன்னதியைக் கட்டிக் குடுத்தார்னு கதை. இன்னிக்கும் அந்த சாமிக்கு 'ஏரி காத்த ராமர்'னு பேர், துரை செஞ்ச தர்மம்னு கல்வெட்டும் இருக்கு. ராமர் வந்தாரான்னு நான் பேசப் போறதில்ல. ஒரு நல்ல கலெக்டருக்கும் அந்த ஊருக்கும் ஏரிக்கரையும் சன்னதியும் ஒரே பேச்சுவார்த்தைல வந்திருக்கு, அதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம் 1858ல கட்டாய உழைப்புச் சட்டம். குடிமராமத்து வேலைக்கு வராதவங்களுக்குத் தண்டம். தானா நடந்துக்கிட்டு இருந்திருந்தா அதுக்கு ஏன் சட்டம்? பிறகு பொதுப்பணித் துறை. இன்னிக்கு 100 ஏக்கருக்கு மேல பாசனம் இருந்தா ஏரி நீர்வளத் துறைக்கு, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துக்கு. நடுவுல பம்ப்செட்டும் போர்வெல்லும் வந்தாச்சு. தன் கிணத்துல தண்ணி இருக்கிறவருக்கு ஏரி எதுக்கு, நீர்க்கட்டி எதுக்கு? தாத்தாவுக்கு வர்ற நெல் மூட்டைக் கணக்குலேர்ந்து மரக்கால் கணக்குக்கு வந்து, கடைசில நின்னே போச்சு. 2017ல குடிமராமத்துங்கிற பேர்லயே அரசு திரும்ப ஒரு திட்டம் கொண்டுவந்தது. மண் எடுத்தாங்க. ஆனா மடை திருப்பறதுக்கு ஆளை எங்கிருந்து எடுக்கறது?

"பழையபடி இருந்திருக்கலாமே"ன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்த்தீங்கன்னா, என்னால சொல்ல முடியாது. தாத்தா வேலை பரம்பரை வேலை. அவர் அப்பா செஞ்சது, என் அப்பா செஞ்சிருக்க வேண்டியது. அப்பா மாட்டேன்னுட்டார். களத்துல கை நீட்டி நெல் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு கம்பெனி வேலைக்குப் போனார். வீட்ல பெரிய சண்டை. தாத்தா ஒரு வருஷம் அவர்கூடப் பேசல. அப்பா அன்னிக்கு அப்படிச் சொன்னதாலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன், இன்னிக்கு இந்த மைக் முன்னாடி உக்காந்திருக்கேன். ஏரிக்கு அது நஷ்டம். எனக்கு அதுதான் வாழ்க்கை. ரெண்டையும் நான் சேர்த்தே சொல்லணும்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். மதம் தொழில்நுட்பத்தை வளர்த்துச்சா, தடுத்துச்சான்னு மட்டும் கேட்காதீங்க. எதைப் பராமரிக்கிறது புண்ணியம்னு சொல்லிச்சு, யாரோட அறிவைச் சுவர்ல எழுதிச்சு, யாரோட அறிவை வெளிய நிறுத்திச்சுன்னு கேளுங்க. இதே கேள்வியை இன்னிக்கு நான் வேலை பார்க்கிற மாதிரி கம்பெனிகளையும், அரசு இலாகாவையும், செவ்வாய்க்கு ராக்கெட் விடறவங்களையும் கேட்கலாம். அங்கயும் லான்ச்சுக்குத்தான் பூஜை, பராமரிப்புக்கு இல்ல. உத்திரமேரூர்க்காரங்க செஞ்ச தப்பு நமக்குத் தெரியும். அவங்க சரியாச் செஞ்சதை, அதாவது தூர் வாரறதுக்குன்னு தொடக்கூடாத முதலை ஒதுக்கி வச்சதை, நாம செய்யறோமா?

போன ஆவணி மாசம் தாத்தாவைப் பைக்ல உக்காரவச்சு ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்போ அவருக்குப் பார்வை மங்கல். மதகு மேல உக்காந்து, நாலு மணி நேரம் போன்ல பேச்சைப் பதிவு பண்ணேன். ஒவ்வொரு வாய்க்கால் பேரும், அது எங்க பிரியும்னும் சொன்னார். நான் அதை மேப்ல குறிச்சேன். சில வாய்க்கால் இருந்த இடத்துல இப்போ பிளாட் கல் நட்டிருக்காங்க. நடுவுல ஒரு தடவை நிறுத்திட்டு, "இதெல்லாம் கேட்டு நீ இன்னாடா பண்ணப் போற, மடை திருப்பப் போறியா?"ன்னார். எனக்குப் பதில் தெரியல. "எழுதி வைக்கப் போறேன் தாத்தா"ன்னேன். "சரி, எழுது"ன்னு சொல்லிட்டு அடுத்த வாய்க்காலுக்குப் போயிட்டார்.

உங்க ஊர்ல நீர்க்கட்டியா இருந்தவங்க யாராவது இருந்தா, அவங்க சம்மதத்தோட ஒரு அரை மணி நேரம் பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்க. வாய்க்கால் பேர் மட்டும் சொன்னாக்கூடப் போதும். அதையெல்லாம் வச்சே ஒரு எபிசோட் பண்ணலாம்.